காலி வானத்தில் முப்பத்தேழு இடங்கள்

அத்தியாயம் 6

"துப்பறியறவங்கன்னா பின்பக்க லிஃப்ட்," என்றார் வரவேற்பு மேஜையில் இருந்தவர், தலையை நிமிர்த்தாமல். "முன்பக்கம் விருந்தாளிங்களுக்கு."

"நாங்க என்ன சாமானா?" என்று கேட்டான் சில்லறை.

"சாமானுக்கும் அதே லிஃப்ட்தான்."

சில்லறை பன்னிரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். 'இறங்கும்போது வாங்கிக்கலாம்' என்று எல்லோரையும் ஏய்த்ததில் வந்த பெயர் அது. வேலை போனது, பெயர் போகவில்லை. இப்போது துருவியிடம் உதவியாளன். துருவிக்கு ஐம்பது வயது. முன்பு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பொய்யர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். ஒரே கேள்வியை நாலு விதமாகத் துருவித் துருவிக் கேட்பாள். எதிராளிகள் வைத்த பெயரை அவளே விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டாள்.

நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபோது இயக்குநர் வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளைத் தலை, இஸ்திரி கலையாத சட்டை. அந்தக் கட்டடத்தில் அன்று அவர்களைப் பார்த்துச் சிரித்த ஒரே மனிதர்.

"வாங்க, வாங்க. மணி பதினொண்ணு. மூணு மணிக்குப் பட்டியலைப் பூட்டியாகணும். நாலு மணி நேரம் போதுமா?"

"எதுக்குன்னு சொல்லுங்க, போதுமான்னு சொல்றேன்," என்றாள் துருவி.

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். மலை மேல் ஒரு தொலைநோக்கி. அதன் முகத்தில் தலைமுடி மாதிரி மெல்லிசான கண்ணாடி இழைகள், மொத்தம் ஐயாயிரம். ஒவ்வொரு இழையும் வானத்தில் ஒரு புள்ளியை மட்டும் பார்க்கும். அந்த வெளிச்சத்தை வானவில் மாதிரி பிரித்துப் பார்த்தால் அந்தப் பொருள் எதனால் ஆனது, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் ஓடுகிறது எல்லாம் தெரிந்துவிடும். ஐந்து வருஷத்தில் நாலு கோடிப் புள்ளிகள். எந்த இழை எந்த ராத்திரி எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பட்டியல். அதைப் போடவே ஏழு வருஷம் ஆகியிருந்தது.

"இன்னைக்குப் பூட்டிட்டா அஞ்சு வருஷத்துக்கு யாராலும் தொட முடியாது. இந்த நேரம் பார்த்து இது வந்திருக்கு." ஒரு காகிதத்தை நீட்டினார்.

மொட்டைக் கடுதாசி. ஒரே வரி, அச்சடித்தது. 'பட்டியல் சுத்தமாக இல்லை. பூட்டுவதற்கு முன் பாருங்கள்.' கமிட்டியில் இருக்கும் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பிரதி வந்திருந்தது.

"பட்டியல் முழுக்க ஒரே ஆள் பொறுப்பு. லிஸ்ட் மேடம்னு சொல்லுவோம். என்ன மாத்தினாலும் அவங்க பேர்லதான் பதிவாகும். அதனால காலைல சஸ்பெண்ட் பண்ணிட்டேன். வெளியாள் ஒருத்தர் வந்து பார்த்து ஒரு அறிக்கை குடுத்தா கமிட்டிக்குத் திருப்தியா இருக்கும்."

"எங்களுக்கு வானத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார்."

"அதனால என்ன? இது ஆள் விவகாரம்தானே," என்று இயக்குநர் மறுபடியும் சிரித்தார்.

லிஸ்ட் மேடத்தின் வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு அடுக்குமாடியின் இரண்டாவது தளத்தில் இருந்தது. மணியை மூன்று தடவை அடித்த பிறகு கதவு சங்கிலி அகலத்துக்கு மட்டும் திறந்தது. நாற்பது வயதுப் பெண். அலுவலகத்துக்குப் போட்ட உடுப்பை இன்னும் மாற்றவில்லை. கழுத்தில் அடையாள அட்டையின் பட்டை மட்டும் தொங்கியது. அட்டையைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

"என்ன வேணும்? பெட்டியைத் திறந்து காட்டணுமா?"

"ரெண்டு கேள்வி," என்றாள் துருவி. "பட்டியல்ல கை வெச்சது நீங்களா?"

"நான்தான்னு எழுதிக்கிட்டுத்தானே வந்திருக்கீங்க. அடுத்தது?"

"மொட்டைக் கடுதாசி யார் எழுதினாங்கன்னு தெரியுமா?"

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் கணவன் குரல் கேட்டது. "யாரும்மா அது?" அவள் திரும்பாமலே, "போலீஸ் இல்ல, அதுக்கும் கீழே," என்றாள். பிறகு துருவியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"இயக்குநர்."

"அப்ப அவரையே போய்க் கேளுங்க."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. சில்லறை மூக்கைத் தடவிக்கொண்டான்.

"பாஸ், இனிமே மூக்கை வீட்டுலயே வெச்சிட்டு வரேன். ஒரு இன்ச்ல தப்பிச்சுது."

துருவி சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து அந்தப் பெண் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். திட்டு வாங்கியதைக்கூட எழுதி வைப்பார்களா என்று சில்லறைக்குத் தோன்றியது. கேட்கவில்லை. பாஸ் நோட்டைத் திறந்திருக்கும்போது பேசினால் அந்த நாள் விளங்காது.

திரும்பி வந்ததும் நட்சத்திரப் பிரிவின் தலைவர் அறைக்குப் போனார்கள். இந்தத் திட்டத்தில் இரண்டு கட்சி. ஒன்று நட்சத்திரக் கட்சி, இன்னொன்று கேலக்ஸிக் கட்சி. இழைகள் ஐயாயிரம்தான் என்பதால் இவர்களுக்குக் கிடைத்தால் அவர்களுக்கு இல்லை. இதில் வேடிக்கை, கேலக்ஸிக்குத் தலைவி அக்கா, நட்சத்திரத்துக்குத் தலைவர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அலுவலகம் முழுக்க அவர்களை அக்கா, தம்பி என்றுதான் சொல்லும். அவர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் 'அந்த அம்மா', 'அந்த ஆளு' என்பார்கள். ஆறு வருஷமாக நேருக்கு நேர் பேச்சு கிடையாது, கமிட்டியில் போடும் சண்டையைத் தவிர.

தம்பி உட்காரச் சொல்லவில்லை. நாற்காலிகளில் காகிதக் கட்டுகள் இருந்தன. அவற்றை எடுக்கவும் இல்லை.

"எனக்கு நேரம் இல்ல. என் நட்சத்திரம் எல்லாம் சுத்தம். வேணும்னா நீங்களே பாருங்க. பார்த்தாப் புரியுமான்னு கேக்காதீங்க."

"லிஸ்ட் மேடத்தோட பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"இந்த மாடியில யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க. அவசரத்துக்கு அவங்களே போன்ல சொல்லுவாங்க."

"இந்த ஏழு வருஷத்துல எந்தப் புள்ளியைப் பத்திக் கமிட்டியில சண்டையே வரலை?"

தம்பிக்கு அந்தக் கேள்வி எரிச்சலாக இருந்தது. ஆனாலும் யோசித்தார். "காலி இடம். அதைப் பத்தி யார் பேசப்போறாங்க?"

"காலி இடமா? அதை எதுக்குப் பார்க்கறீங்க?" என்றான் சில்லறை.

"வானத்துக்குன்னு தனியா ஒரு மங்கல் வெளிச்சம் இருக்கு. அதைக் கழிச்சாத்தான் நட்சத்திரத்தோட வெளிச்சம் சரியா வரும். பாத்திரத்தோட எடையைக் கழிச்சிட்டுப் பாலை நிறுக்கறோம் இல்லையா, அந்த மாதிரி. அதுக்காகத் தினமும் சில நூறு இழையைச் சும்மா இருட்டுப் பக்கம் திருப்பி வெப்போம். கம்ப்யூட்டரே பொறுக்கிக்கும். எந்த இடமா இருந்தா என்ன?"

"அந்தக் காலி இடங்களை மட்டும் திரையில வரவைங்க," என்றாள் துருவி. "ஒவ்வொண்ணையும் எத்தனை தடவை பார்க்கறீங்களோ அந்த வரிசையில."

"அதனால என்ன தெரியப்போகுது?"

"தெரியலைன்னா போயிடறேன்."

போய்விடுவாள் என்ற நம்பிக்கையில் தம்பி விசைகளைத் தட்டினார். திரையில் எண்கள் ஓடின. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. லட்சக்கணக்கான காலி இடங்கள், ஐந்து வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ. வரிசையின் கடைசிக்கு வந்ததும் தம்பியின் கை நின்றுவிட்டது.

ஒன்பது. ஒன்பது. ஒன்பது. மொத்தம் முப்பத்தேழு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது தடவை.

"இது... கம்ப்யூட்டர் பொறுக்கினது இல்ல," என்றார் தம்பி. அதுவரை இருந்த திமிர் குரலில் இல்லை. "ஒரு பொருள் ரொம்ப மங்கலா இருந்தா ஒரு தடவை பார்த்தாப் போதாது. பல தடவை பார்த்து வெளிச்சத்தைச் சேர்க்கணும். எட்டு, ஒன்பது தடவை." நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இங்கே ஏதோ இருக்கு. காலி இடம்னு பேர் வெச்சு யாரோ தன்னோட சரக்கை உள்ளே ஏத்தியிருக்காங்க. இதைப்போய் வெறும் வானம்னு நம்பிக் கழிச்சா, கூட இருக்கற அத்தனை பேரோட கணக்கும் கெட்டுப்போகும். அஞ்சு வருஷ வேலை."

"யாரா இருக்கும்?"

"கேக்கணுமா? அந்த அம்மாதான். மங்கல் கேலக்ஸிக்கு இடம் கேட்டு போன வருஷம் எழுதிச்சு. கமிட்டி தள்ளிடுச்சு. வீட்டுலயும் இப்படித்தான், தனக்கு வேணும்னா அடுத்தவன் தட்டுல இருந்து எடுக்கும்."

நடைபாதையில் அக்காவே எதிரே வந்தாள். தம்பியின் அறையிலிருந்து அவர்கள் வெளியே வருவதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"அந்த ஆளு சொன்னதை எழுதிக்கிட்டீங்களா? அவனோட மங்கல் நட்சத்திரத் திட்டத்தையும்தான் கமிட்டி தள்ளுச்சு. அதைச் சொல்லியிருக்க மாட்டானே."

"சொல்லலை," என்றாள் துருவி. "காலி இடங்களுக்காக நீங்க எப்பவாவது சண்டை போட்டதுண்டா?"

"வெறும் இருட்டுக்கு எதுக்குச் சண்டை? வழியை விடுங்க."

மாடிப்படியில் இறங்கி நின்றார்கள். மணி இரண்டேகால். ஆளுக்கு ஒரு காரணம் இருக்கிறது, பாஸ்வேர்டும் எல்லோருக்கும் தெரியும். சில்லறைக்குத் தலை சுற்றியது.

"என்ன நினைக்கறே?" என்றாள் துருவி.

"எனக்கு வானம் தெரியாது பாஸ், பஸ்தான் தெரியும். எங்க ரூட்ல ஒரு ஸ்டாப். ஏறவும் ஆள் கிடையாது, இறங்கவும் ஆள் கிடையாது. ஆனா ஒரு டிரைவர் மட்டும் தினமும் அங்கே நிறுத்துவார். ஆள் இல்லாத ஸ்டாப்ல பஸ் நிக்குதுன்னா என்ன அர்த்தம்? அங்கே டிரைவருக்கு வேண்டியவங்க யாரோ குடியிருக்காங்க."

துருவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "டிரைவருக்கா, கண்டக்டருக்கா, பயணிக்கா?"

"டிரைவருக்குத்தான். நிறுத்தற அதிகாரம் அவருக்குத்தானே. கண்டக்டர் விசில் அடிச்சா உடனே நிறுத்திடுவாங்கன்னு நினைப்பா?"

துருவி நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு படியேறினாள்.

இரண்டரைக்குக் கூட்ட அறையில் கமிட்டியின் மூன்று பேரும் இருந்தார்கள். அக்கா ஒரு முனை, தம்பி மறு முனை, நடுவில் இயக்குநர். சுவரில் பட்டியல் ஓடும் திரை. கதவோரம் நின்ற சில்லறைக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை. தண்ணீர் பாட்டில்கூட அவர்கள் மூவருக்கும் சரியாகத்தான் வைத்திருந்தார்கள்.

"அறிக்கை தயாரா?" என்றார் இயக்குநர்.

"ஒரு சின்ன வேலை பாக்கி," என்றாள் துருவி. "காலி இடங்கள்ல ஏதோ குளறுபடின்னு தம்பி சார் சொல்றாரு. அது என்னன்னு எனக்குப் புரியலை. இன்னும் அரை மணிதான் இருக்கு. இருக்கற காலி இடம் அத்தனையையும் தூக்கிட்டுப் புதுசாப் பொறுக்கச் சொன்னா கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்," என்றார் தம்பி.

"அதுல யாருக்காவது ஆட்சேபணை?"

துருவி முதலில் அக்காவைப் பார்த்தாள். அக்கா கையை விசிறினாள். "தாராளமா மாத்துங்க. எந்த இருட்டா இருந்தா எனக்கென்ன?"

தம்பியைப் பார்த்தாள். "உடனே மாத்தணும். நானே சொல்லணும்னு இருந்தேன்."

சில்லறை அப்போதுதான் கவனித்தான். மாற்றக் கூடாது என்று சொல்ல வேண்டியவர்கள் என்று அவன் நினைத்திருந்த இரண்டு பேரும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

"வேண்டாம்," என்றார் இயக்குநர். "கடைசி நேரத்துல எதையும் தொடக்கூடாது. பழைய இடங்களைச் சோதிச்சு வெச்சிருக்கோம்."

"பத்து நிமிஷ வேலைதானாமே சார்."

"நான் வேண்டாம்னு சொல்றேன்."

"வெறும் இருட்டுதானே சார். இந்த இருட்டுக்குப் பதிலா அந்த இருட்டு. இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

இயக்குநரின் முகத்தில் காலையிலிருந்து இருந்த சிரிப்பு இப்போது இல்லை. "உங்க வேலை ஆளைக் கண்டுபிடிக்கறது. பட்டியலைத் திருத்தறது இல்ல."

"ஆளைத்தான் கண்டுபிடிச்சிட்டிருக்கேன்," என்றாள் துருவி. "தம்பி சார், அந்த முப்பத்தேழையும் திரையில போடுங்க. அக்கா, கொஞ்சம் பாருங்க. எங்களுக்குத்தான் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

திரையில் அந்த இடங்களைக் குறிக்கும் முப்பத்தேழு ஜோடி எண்கள் வந்தன. அக்கா அலட்சியமாகத்தான் படிக்க ஆரம்பித்தாள். பத்தாவது வரிக்கு வந்தபோது எழுந்து திரைக்கு அருகே போனாள். தன் கணினியில் எதையோ தேடினாள். ஒரு பழைய கட்டுரை. திரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், இது உங்களோடது," என்றாள். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி நீங்க எழுதின கட்டுரை. நம்ம கேலக்ஸிக்கு வெளியே முப்பத்தேழு இடத்துல எதுவோ இருக்குன்னு எழுதினீங்க. வேற யார் பார்த்தும் ஒண்ணும் தெரியலை. அதே முப்பத்தேழு இடம்."

தம்பி தன் இருக்கையிலிருந்து வந்து அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் அவ்வளவு பக்கத்தில் நிற்பதை அந்த அறை ஆறு வருஷமாகப் பார்த்திருக்காது.

"இயக்குநர் பதவியில இருக்கறவர் தன் பேர்ல இடம் கேக்கக் கூடாதுன்னு விதி," என்றார் தம்பி மெதுவாக. "எழுதினது நீங்கதானே சார் அந்த விதியை."

இயக்குநர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "முப்பது வருஷம். ஒவ்வொரு மாநாட்டுலயும் என் முதுகுக்குப் பின்னாடி சிரிச்சாங்க. முன்னூத்து முப்பத்து மூணு தடவை இழையைத் திருப்பறது நாலு கோடியில ஒரு தூசி. யாருக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

"லிஸ்ட் மேடத்துக்கு வேலை குறைஞ்சுபோச்சு," என்றான் சில்லறை. அவனை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"தொலைநோக்கின்னா எந்தப் பக்கம் கண்ணை வெக்கணும்னு தெரியாத ரெண்டு பேரைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க," என்றாள் துருவி. "நாங்க ஒண்ணும் புரியாம அவங்க பேரையே எழுதிக் குடுத்துட்டுப் போவோம்னு நம்பினீங்க. அவங்க வீட்டு வாசல்ல எனக்குக் கிடைச்ச ஒரே பதில், கூட்டிட்டு வந்தவரையே போய்க் கேளுங்கன்னு. திட்டுன்னு நினைச்சேன். சாட்சி சொல்லியிருக்காங்க."

மணி இரண்டு நாற்பத்தைந்து. திருத்தாத பட்டியலை யாரும் பூட்டிவிடலாம், திருத்தியதைச் சரிபார்த்துப் பூட்டத் தெரிந்தவள் லிஸ்ட் மேடம் மட்டும்தான். அக்கா போன் செய்தாள். பத்து நிமிஷத்தில் அவள் வந்து நின்றாள், முன்பக்க லிஃப்டில். ஆனால் கணினி முன்னால் உட்காரவில்லை.

"முதல்ல காலைல குடுத்த உத்தரவை ரத்து பண்ணுங்க. எல்லார் முன்னாடியும். எழுத்துல."

இயக்குநர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதைப் படித்துப் பார்த்தாள், ஒரு எழுத்துப்பிழையைக் காட்டித் திருத்தச் சொன்னாள், மடித்து வைத்துக்கொண்டாள். பிறகுதான் உட்கார்ந்தாள். முப்பத்தேழு வரிகளையும் தேர்ந்தெடுத்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் இயக்குநர். அவர் குரல் கெஞ்சியது. "அழிச்சிடாதேம்மா. அங்கே நிஜமாவே ஏதாவது இருந்தா?"

அவள் திரும்பினாள். "ரெண்டு மாசம் முன்னாடி உங்க ரூமுக்கு வந்து, 'சார், இந்த முப்பத்தேழு இடம் விநோதமா இருக்கு'ன்னு சொன்னேன். பார்க்கறேன்னு சொன்னீங்க. அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா வேற யார் பேர்லயாவது முறைப்படி விண்ணப்பம் போட நானே வழி காட்டியிருப்பேன். நேர்ல சொன்னது பலிக்கலைன்னுதான் கடுதாசி எழுதினேன். அதை வெச்சே என்னை வெளியே தள்ளினீங்க."

விசையைத் தட்டினாள். முப்பத்தேழு வரிகளும் போயின.

"அப்ப முன்னூத்து முப்பத்து மூணு தடவை மிச்சம்," என்றார் தம்பி சட்டென்று. "அதை நட்சத்திரத்துக்கு..."

"எந்த நியாயத்துல?" என்றாள் அக்கா. "அந்த ஆளு வாயைத் திறந்தாலே..."

"அது காலி இடமாவே இருக்கும்," என்றாள் லிஸ்ட் மேடம், திரையை விட்டுப் பார்வையை எடுக்காமல். "நிஜமான காலி இடம். ரெண்டு பேரும் உட்காருங்க."

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பட்டியல் பூட்டப்பட்டது. இயக்குநர் கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

துருவி லிஸ்ட் மேடத்தின் அருகே போனாள். "காலைல உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க."

"மன்னிக்கறதுக்கு எனக்கு இன்னைக்குத் தெம்பில்ல," என்றாள் அவள். "நீங்க நாலு மணி நேரத்துல கண்டுபிடிச்சதை நான் ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிட்டேன். வெளியாள் வந்து சொன்னாத்தான் இவங்களுக்குக் காது கேக்கும்னா, இங்கே நான் எதுக்கு?"

கழுத்திலிருந்த வெறும் பட்டையைக் கழற்றிச் சுருட்டி மேஜையில் வைத்தாள். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கையில் அந்த ரத்து உத்தரவுக் காகிதத்துடன் லிஸ்ட் மேடம் முன்பக்க லிஃப்டுக்கு நடந்தாள்.